அங்கேயும் வன்னி மரம் நிற்கிறது, அம்மிணி

போன திங்கட்கிழமை சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நிலக்கடலை ஏலம் முடிந்து வெளியே வருகிறேன். எதிரில் எங்கள் வீதிப் பெண். இடுப்பில் பிள்ளை, முகத்தில் அழுத தடம். அவள் வீட்டுக்காரர் ராஜஸ்தானில், பிகானேருக்குப் பக்கத்தில் பர்சிங்சரில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமாகிறது. குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்கிறார்.

"மணக்காட்டுல போயி எப்படீங்க மாமா குடும்பம் பண்றது? தண்ணி இருக்காது, பேச ஆளிருக்காது, பாஷையும் தெரியாது. நான் போமாட்டேனுங்" என்றாள்.

மூட்டை ஏற்றும் சத்தத்தில் அன்று எதுவும் சொல்ல வாய்க்கவில்லை. இப்போது சொல்கிறேன். அவளுக்குச் சொல்வது, பிழைப்புக்காக ஊர் மாற வேண்டி வந்து வாசற்படியிலேயே காலை ஊன்றி நிற்கிற எல்லோருக்கும்தான்.

அம்மிணி, முதலில் நீ போகிற இடத்தைச் சரியாகத் தெரிந்துகொள். பர்சிங்சரில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் வெட்டியது நம் நெய்வேலி நிறுவனம். 125 மெகாவாட் அலகுகள் இரண்டு அங்கே 2011-12 வாக்கில் மின்சாரம் தரத் தொடங்கின. சுரங்கத்தோடும் கொதிகலனோடும் சேர்ந்து நெய்வேலியிலிருந்து தமிழ்க் குடும்பங்களும் போயின. உனக்கு முன்னால் அங்கே யாரோ ஒருத்தி இட்லிக்கு மாவு புளிக்க வைத்துப் பார்த்துவிட்டாள். குளிர்காலத்தில் அது புளிக்காமல் கிடந்து கண் கலங்கி, மறுநாள் கம்பளியைச் சுற்றி வைத்துப் புளிக்கவும் வைத்திருப்பாள். வழி போட்டாகிவிட்டது. நீ நடக்க வேண்டியதுதான் பாக்கி. கோயமுத்தூரில் ஏறினால் பிகானேரில் இறங்க நேர் ரயிலே ஓடுகிறது.

பாலைவனம் என்றதும் உன் கண்ணுக்குச் சினிமாவில் வரும் மணல்மேடுதான் தெரிகிறது. கேள். அந்த மண்ணில் தலைநிமிர்ந்து நிற்கிற மரம் எது தெரியுமா? அவர்கள் கேஜ்ரி என்கிறார்கள், ராஜஸ்தானின் மாநில மரம் அதுதான். நாம் அதை வன்னி என்கிறோம். கோயிலில் நீ சுற்றி வந்து கும்பிடுகிற அதே வன்னி! பாண்டவர்கள் தலைமறைவாக இருந்த ஒரு வருஷம் ஆயுதங்களை ஒளித்து வைத்ததாகச் சொல்வோமே, அதே மரம். அதன் காயைப் பறித்து உலர்த்தி வைத்து வருஷம் முழுக்கக் கறி சமைக்கிறார்கள். ஜோத்பூர் பக்கம் கேஜட்லி கிராமத்தில் 1730-ல் ராஜாவின் ஆட்கள் அந்த மரங்களை வெட்ட வந்தபோது, அமிர்தாதேவி என்கிற ஒரு பெண் மரத்தைக் கட்டிப்பிடித்து முதலில் உயிரைக் கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் பிஷ்னோய் மக்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். 363 பேர் என்று இன்றும் கணக்குச் சொல்கிறார்கள். ஒரு மரத்துக்காக உயிர் கொடுத்த மனிதர்களின் நாடு அம்மிணி அது. அங்கே போய் மனுஷ வாசமே இருக்காது என்கிறாயே!

இன்னும் கேள். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் மாடு மேய்கிற கொழுக்கட்டைப் புல், அங்கே தாமண் என்ற பேரில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீவனம். உன் அப்பத்தா கம்மங்கூழ் கரைத்துக் குடித்து வெயிலில் களை வெட்டினார். அங்கே கம்பு ரொட்டிதான் அன்றாடச் சாப்பாடு, இந்தியாவிலேயே கம்பு அதிகம் விளைகிற மாநிலம் அது. கடையில் பாக்கெட் பாக்கெட்டாக விற்கிற பிகானேர் புஜியா எதில் செய்தது? நம் மானாவாரிக் காட்டில் விளைகிற நரிப்பயற்று மாவில். நீ நின்று அழுதாயே நிலக்கடலை ஏலக்கூடத்து வாசலில், அந்த நிலக்கடலை பிகானேர்க் காடுகளிலும் விளைந்து மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வருகிறது. காய்ந்த மண்ணில் பிழைக்கிற வித்தை தெரிந்த சனம் நாம். நம்மைப் போல இன்னொரு சனத்திடம்தான் நீ போகிறாய்.

தண்ணீருக்கு வருகிறேன். உன் பயத்தில் நியாயமான பங்கு இதுதான். அங்கே வருஷ மழை முப்பது சென்டிமீட்டரைக்கூடத் தொடாது. ஆனால் அந்த ஜனம் வானத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்து உட்காரவில்லை. முற்றத்தைச் சரிவாகத் தளம் போட்டு, பெய்கிற கொஞ்ச மழையையும் நிலத்தடித் தொட்டியில் இறக்கி, பூட்டுப் போட்டுக் காத்தார்கள். டாங்கா என்று அதற்குப் பேர். நகைக்குப் பூட்டுப் போடுவது போலத் தண்ணீருக்கு! 1899-1900 பஞ்சத்தில் ஆடு மாடும் ஆளும் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்ததைப் பார்த்த பிகானேர் மகாராஜா கங்கா சிங், சட்லெஜ் ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டி 1927-ல் தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு 1958-ல் வேலை தொடங்கிய ராஜஸ்தான் கால்வாய், இன்று இந்திரா காந்தி கால்வாய், பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து தார்ப் பாலைவனத்துக்குள் ஓடுகிறது.

இந்தக் கதை உனக்குப் புதிதா? அவிநாசிக்காரிக்கு இதை நான் சொல்ல வேண்டுமா? அத்திக்கடவு, அத்திக்கடவு என்று நம் தாத்தா காலத்திலிருந்து கேட்டோம். மனுக் கொடுத்தோம், ஊர்வலம் போனோம், உண்ணாவிரதம் கிடந்தோம். ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்டுப் புகை வந்ததைப் பார்த்தோம். கேட்டவர்களில் பாதிப்பேர் காலமாகிப் போனார்கள். கேட்பதை மட்டும் நாம் நிறுத்தவில்லை. 2024 ஆகஸ்ட் 17-ல் திட்டம் திறந்தது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் உபரியாகப் போகிற தண்ணீரைக் குழாயில் ஏற்றி, 1045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் திட்டம். அறுபது வருஷம் தண்ணீருக்குக் காத்திருக்கத் தெரிந்த ஊரில் பிறந்தவள் நீ. ஒரு குடம் தண்ணீரை மூன்று வேலைக்குப் புழங்குவது உன் அம்மா கையிலிருந்து உன் கைக்கு வந்தது. அந்தக் கையோடு போகிறவளுக்கு என்ன பயம்?

கஷ்டமே இருக்காது என்று நான் சொல்லவில்லை. பொய் சொல்லி உன்னை ரயிலேற்ற எனக்கு மனசில்லை. மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். ஆந்தி என்கிற புழுதிக்காற்று அடித்தால் அரிசி டப்பாவுக்குள்கூட மணல் இருக்கும். கதவிடுக்கில் ஈரத்துணி வைக்கப் பழகு. வறண்ட காற்று என்பதால் தண்ணீர் ஊற்றுகிற கூலர் அங்கே நன்றாகவே வேலை செய்யும். ஜனவரி ராத்திரி நம்மூர் ஆளுக்கு எலும்பில் குத்தும். பிள்ளைக்குக் கம்பளிச் சட்டையை இங்கிருந்து தூக்கிக்கொண்டு போகாதே. பிகானேரே கம்பளிச் சந்தை. அவர் ஷிப்டுக்குப் போனபின் நான்கு சுவருக்குள் நீயும் பிள்ளையும் மட்டும் இருக்கிற பகல்கள் வரும். அந்தப் பகல்கள்தான் உன்னை உடைக்கப் பார்க்கும், வெயில் அல்ல. அப்போது போனை எடுத்து அம்மாவிடம் அழுதுகொண்டே நாளைக் கழிக்காதே! கதவைத் திற. எதிர்வீட்டுக்காரி கம்பு ரொட்டி தட்டிக்கொண்டிருப்பாள். பக்கத்தில் உட்கார். உருண்டை பிடித்துக் கொடு. ரொட்டி தட்டப் பழகிவிட்டால் பாதிப் பாஷை வந்துவிடும்.

உன் கையிலிருக்கிற தொழிலை மறந்துவிட்டாயா? பதினாறு வயதில் பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கப் போனவள். பிசிறு வெட்டினாய், செக்கிங் பார்த்தாய், மெஷின் சும்மா இருந்த நேரத்தில் திருடித் திருடி ஓவர்லாக் பழகினாய். யாரும் உன்னை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒன்றரை ஷிப்டு முடிந்து கம்பெனி வேனில் தூங்கி வழிந்துகொண்டு வருவாயே, நான் பார்த்திருக்கிறேன். அப்படிக் கற்ற வேலை எந்த ஊர் மண்ணிலும் வாடாது. பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் ஒரு மெஷினைப் போடு. அந்தக் குடியிருப்பில் பாவாடைக்கும் ஜாக்கெட்டுக்கும் ஆளில்லாமலா இருக்கும்?

கடைசியாக ஒன்று கேட்கிறேன். உன் வீட்டுக்கு நாலாவது கதவு, அந்த லைன் வீட்டில் பீகாரிலிருந்து வந்த குடும்பம் இருக்கிறதே. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் பொண்ணு வந்திறங்கிய நாள் உனக்கு ஞாபகமிருக்கும். ஒரு சூட்கேஸ், ஒரு கைக்குழந்தை. "தண்ணீர்" என்று சொல்லத் தெரியாமல் காலிக் குடத்தைத் தூக்கிக் காட்டினாள். குழாயை நீதான் திறந்துவிட்டாய். இன்று அவள் சந்தையில் தக்காளிக்காரரிடம் "ஏனுங், கொசுறு போடுங்" என்கிறாள்! உன்னைவிட ரெண்டு வயசு சின்னவள். படிப்பும் உன்னளவு இல்லை. நீ போகப் பயப்படுகிற தூரத்தை அவள் எதிர்த்திசையில் கடந்து வந்து, உன் கண்ணெதிரே சோறாக்கிக்கொண்டிருக்கிறாள். நீ பேசப் பயப்படுகிற இந்தி அவள் வீட்டுத் திண்ணையில் காசில்லாமல் கிடக்கிறது.

டிக்கெட் எடுப்பதைப் பிறகு பார்க்கலாம். இன்று சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து அவள் இறங்கி வீட்டுக்கு வந்ததும், அவள் கதவைத் தட்டு. முதல் மாசம் எப்படி ஓட்டினாய் என்று கேள். காலிக் குடத்தோடு போனாலும் சரி.