கோடும் கதிரும்

நிலநடுக்கோட்டை இயற்கையே வகுத்துத் தந்தது. பூமி சுழலும் விதமே அதன் இடத்தை நிச்சயிக்கின்றது. ஆனால் துருவத்திலிருந்து துருவம் வரை செல்லும் தீர்க்கரேகைகளுள் முதலாவது எது என்பதை இயற்கை சொல்லவில்லை. மனிதனே சொல்லியாக வேண்டியிருந்தது. தாலமி மேற்குக் கோடியிலிருந்த தீவுகளிலிருந்து எண்ணினார். அரபு வானநூலார் சிலர் நம் நாட்டு உஜ்ஜயினியை 'அரீன்' என வழங்கி, அதன் ரேகையைக் கணக்கில் கொண்டனர்.

1884 அக்டோபரில் வாஷிங்டன் நகரில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினர். இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தின் வழியே செல்லும் ரேகையை 22 நாடுகள் ஏற்றன, ஒன்று மறுத்தது, பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்கவில்லை. உலகக் கப்பல்களில் பெரும்பாலானவை அப்போதே கிரீனிச்சை ஆதாரமாகக் கொண்ட வரைபடங்களைக் கையாண்டு வந்தமை முதன்மையான காரணம். அடிமைப்பட்டிருந்த நாடுகளின் மக்களுக்கு அச்சபையில் ஆசனம் இல்லை.

வலியோர் இட்ட கோட்டை மற்றவர் ஏற்கத்தான் வேண்டுமா? நியாயமான வினாவே இது. பிரான்ஸ் 27 ஆண்டுகள் ஏற்காமலிருந்தது. 1911இல் சட்டம் இயற்றியபோதும் கிரீனிச் என்ற பெயரை எழுத மனமின்றி, பாரிஸ் நேரத்தினும் 9 நிமிடம் 21 வினாடி பின்தங்கிய நேரம் என்றே எழுதிற்று. பெயரை மறைத்ததனால் நேரம் மாறிவிட்டதா?

மக்கள் கூடி ஒப்பிக்கொண்ட வழக்கினை அரபியில் 'இஸ்திலாஹ்' என்பர். சமாதானம் எனப் பொருள்படும் 'ஸுல்ஹ்' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். இஸ்திலாஹில் சச்சரவு வேண்டாம் என்பது நம் மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் முதுமொழி. அதற்கு இரு முகங்கள் உண்டு.

பொதுவில் ஒப்பிய வழக்கை வீம்புக்காக முறிக்கலாகாது என்பது ஒன்று. கடலில் இரு கப்பல்கள் இருவேறு கணக்கு வைத்தால், அழிவது மனித உயிரல்லவா? ஒப்பிய வழக்கையே இறுதி உண்மையென மயங்கலாகாது என்பது மற்றொன்று. இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவது. சென்னை அதற்கு மேற்கே இருப்பதால், கடிகாரம் 12 காட்டிச் சராசரியாக 9 நிமிடம் கழிந்த பின்னரே அங்கே சூரியன் உச்சியை அடைகின்றது. இரயிலுக்குக் கடிகாரத்தைப் பார்க்கிறோம். லுஹர் தொழுகைக்குச் சூரியன் சாய்ந்ததா என்று பார்க்கிறோம். இவ்விரண்டிலும் முரண்பாடு இல்லை.

வாஷிங்டனில் துருக்கியின் பிரதிநிதி ருஸ்தம் எஃபெண்டி இந்த நடுநிலையைத்தான் காட்டினார். தம் நாட்டு உழவர் சூரியன் மறைவிலிருந்தே மணி எண்ணுகின்றனர், தொழுகை நேரங்களும் அவ்வாறே எண்ணப்படுகின்றன என்று சபையறிய எடுத்துரைத்தார். ஆயினும் அவர் நாடு கிரீனிச்சுக்கே வாக்களித்தது.

இன்று செயற்கைக்கோள்களின் கணக்கில் முதல் ரேகை, கிரீனிச்சின் பழைய கோட்டிற்கு ஏறத்தாழ 102 மீட்டர் கிழக்கே செல்கின்றது. ஆகவே, அக்கோடு தம் வாசலில் செல்கிறதென்று பெருமை கொள்வார்க்கும், செல்லவில்லையே என்று குமைவார்க்கும் அதில் இடமில்லை. ஒப்பந்தத்திற்கு நாம் தரவேண்டியது நாணயம், வணக்கம் அன்று.