வானத்தில் ஒரு பந்தி

107-ஆவது மாடி! சாளரத்தோரம் ஒரு மேசை, மேசைமீது வெண்துகில், கண்ணாடிக் கிண்ணத்திலே மது. கீழே, கண்ணுக்கெட்டும் தொலைவுவரை நியூயார்க் நகரம். ஒருபுறம் அட்சன் ஆறு. மறுபுறம் கிழக்காறும் அதன்மீது புரூக்ளின் பாலமும். துறைமுகத்திலே, தீப்பந்தம் ஏந்திய கையுடன் சுதந்திரச் சிலை. விருந்தினர் உண்கிறார், குடிக்கிறார், குனிந்து பார்க்கிறார். தெருவிலே நடக்கும் மனிதர்கள் எறும்புகளாகத் தெரிகின்றனர்!

1976-ஆம் ஆண்டு, உலக வணிக மையத்து வடக்குக் கோபுரத்தின் 106, 107-ஆம் மாடிகளில் திறக்கப்பட்ட அந்த உண்டிச்சாலைக்கு 'விண்டோஸ் ஆன் தி வேர்ல்டு' என்று பெயர். உலகைக் காணும் சாளரங்கள் என்பது பொருள். 2000-ஆம் ஆண்டில் அதன் வருவாய் 3 கோடியே 70 லட்சம் டாலர். அமெரிக்க நாட்டிலேயே மிகுதியாக வருவாய் ஈட்டிய உண்டிச்சாலை என்று அதனைப் போற்றினர். நாம் அங்குச் சென்றதில்லை. இனி எவரும் செல்லவும் இயலாது. எனினும், அந்தச் சாளரங்கள் எழுப்பிய கேள்வி இன்றும் நம்முன் நிற்கிறது. உயரத்தில் இருப்பவன், உயர்ந்தவனா?

"வானளாவும் கட்டடத்திலே எவரோ உண்பதற்கும், உயர்வு தாழ்வுக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. தொடர்பு இருக்கிறது. மேலோர் என்கிறோம், கீழோர் என்கிறோம். மேல்சாதி என்கிறோம், கீழ்ச்சாதி என்கிறோம். தலையிலே பிறந்தவன் ஒருவன், காலிலே பிறந்தவன் மற்றொருவன் என்று கதை கட்டியவர்கள் கையில் எடுத்ததும் இதே அளவுகோல்தான். தலை மேலே இருக்கிறது, ஆகவே சிறந்தது. கால் கீழே இருக்கிறது, ஆகவே இழிந்தது! உயரத்தை ஒழுக்கமாகவும், பள்ளத்தைப் பழியாகவும் காட்டும் இந்த மயக்கம், சொல்லிலே புகுந்து, சிந்தையிலே குடியேறி, மனிதனை மனிதனிடமிருந்து பிரித்தது.

மேல்மாடி இயற்கையிலேயே மேன்மையானதா? வரலாறு சிரிக்கிறது! பழைய ரோமாபுரியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலே கீழ்த்தளம் வசதியுள்ளோர்க்கு; படியேறி ஏறி மூச்சு வாங்கும் மேல்தளம் ஏழைகளுக்கு. 19-ஆம் நூற்றாண்டுப் பாரிசு நகரத்து மாளிகைகளிலும், கூரைக்கு அடியிலுள்ள சிற்றறைகள்தாம் வேலைக்காரப் பெண்களுக்குத் தரப்பட்டன. அன்று, மேலே இருப்பவன் என்றால் இல்லாதவன் என்று பொருள்!

பிறகு என்ன நேர்ந்தது? 1854-ஆம் ஆண்டு, நியூயார்க் கண்காட்சியொன்றிலே எலிஷா ஓட்டிஸ் என்பவர், தாம் நின்ற மேடையைத் தாங்கிய கயிற்றை எல்லோரும் காண வெட்டச் செய்தார். மேடை விழவில்லை, தடுப்புப் பொறி பிடித்து நிறுத்தியது. அஞ்சாமல் ஏறலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. மின்தூக்கி வந்தது, படியேறும் துன்பம் ஒழிந்தது. துன்பம் ஒழிந்ததும், ஏழை இருந்த மேல்மாடிக்குப் பணக்காரன் வந்தான். மாடி மாறவில்லை, காற்று மாறவில்லை, வானம் மாறவில்லை. ஏறும் வழி மாறியது, ஏறுபவனும் மாறினான்! நேற்றுவரை இழிவாக இருந்த இடம் இன்று பெருமைக்குரியதாயிற்று. இதிலே ஆண்டவன் கட்டளை எங்கே? பிறவிப் பயன் எங்கே? ஒரு பொறியும் ஒரு கயிறும் தலைகீழாக்கிவிட்ட ஏற்பாட்டை, மாற்ற முடியாத நியதி என்று எப்படி ஏற்பது?

அந்த உண்டிச்சாலையிலேயே இதற்கொரு வேடிக்கையான சான்றும் உண்டு. மதுவைச் சேமிக்கும் கிடங்கு நிலத்தடியில் இருப்பது மேல்நாட்டு வழக்கம். அங்கோ, 'வானத்துக் கிடங்கு' என்ற பொருள்படும் பெயரிலே ஒரு சிறு விருந்தறை வைத்திருந்தனர். மதுவின் நன்மை தீமை வேறு வழக்கு. அதனை இங்கே விசாரிக்கவில்லை. நிலத்தடிப் பெயர் நீலவானில் ஏறியதே, அதைத்தான் சுட்டுகிறோம். மனிதன் விரும்பினால் பாதாளமும் வானாகும்! அவன் மனம் வைக்க மறுப்பது ஒன்றுக்குத்தான். பரிமாறும் மனிதனைத் தனக்குச் சமமாகக் காண்பதற்கு.

அங்கே பரிமாறியவர் யார்? வங்காளதேசத்திலிருந்து, ஈக்குவடாரிலிருந்து, மெக்சிகோவிலிருந்து, இன்னும் பல நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். சமைத்தார்கள், சுமந்தார்கள், துடைத்தார்கள். சாளரம் இருவருக்கும் முன்னேதான் இருந்தது. ஆனால், ஒருவர் காட்சியைக் காணப் பணம் தந்தார். மற்றவரின் கண் கையிலுள்ள தட்டின்மீது இருக்கவேண்டும், அதற்குத்தான் கூலி.

அந்தக் கூலியிலும் ஒரு கொடுமை! இனாம் பெறும் தொழிலாளிக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய குறைந்த கூலி, மணிக்கு 2.13 டாலர் என்று அமெரிக்க நடுவணரசு 1991-இல் வைத்தது. முப்பது ஆண்டுகள் கடந்தும் அத்தொகை உயரவில்லை. மாநிலங்கள் பல இதனினும் கூடுதலாக வைத்திருக்கின்றன. இனாமும் சேர்ந்து பொதுவான குறைந்த கூலியை எட்டாவிடில் முதலாளி ஈடுசெய்யவேண்டும் என்றும் விதி உண்டு. இருந்தும், அடிப்படை என்ன? உழைத்தவனின் ஊதியத்தில் ஒரு பகுதி, உண்டவரின் மனநிறைவைப் பொறுத்தது. சிரித்தால் உண்டு, சிடுசிடுத்தால் இல்லை. கூலி உரிமை, இனாம் தயவு. உரிமையைத் தயவாக மாற்றும் ஏற்பாடு எதுவானாலும், அது தன்மானத்தின் பகை. கடற்கரையிலே சுதந்திரச் சிலை நிற்கலாம். கைகட்டிப் புன்னகைக்கும் மனிதனுக்கு அதனால் ஆவது என்ன?

"அப்படியானால், உயர்ந்த மாடியிலே உண்பதே குற்றமா?" அன்று, தோழர்களே, அன்று! துறவை அறமென்று போதிப்பது நம் வேலையல்ல. நல்ல உணவும், நகரத்து விளக்குகளின் அழகும் மனிதன் நுகர்வதற்கே. அந்த அழகைக் கட்டிய கைக்கு அதைக் காணும் தகுதி இல்லை என்பதையே மறுக்கிறோம். 1920-களில் சேரன்மாதேவி குருகுலத்திலே, பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப்பந்தி, மற்றச் சிறுவர்க்கு வேறு பந்தி என்றிருந்ததைப் பெரியார் எதிர்த்தபோது, அது வெறும் சோற்றுச் சண்டையா? உண்ணும் இடத்தில் மனிதனுக்குரிய மதிப்பு நிறுக்கப்படுகிறது, ஆகவேதான் எதிர்த்தார். அங்கே பிறப்பு பந்தி பிரித்தது. நியூயார்க்கிலே பணம் பிரித்தது. இரண்டும் ஒன்றல்ல. பணத்தின் வேலி தாண்டக்கூடியது. சாதியின் வேலியோ தாண்டியவனையும் துரத்தும். ஆனால், வேலி எதுவானாலும் அதற்குள்ளே இருப்பவனுக்கு வெளியே நிற்பவன் எறும்பாகவே தெரிகிறான்.

2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11, காலை 8.46. கடத்தப்பட்ட வானூர்தி, அக்கோபுரத்தின் 93-க்கும் 99-க்கும் இடைப்பட்ட மாடிகளிலே மோதியது. கீழிறங்கும் படிகள் அனைத்தும் அறுந்தன. அந்நேரத்திலே மேலே இருந்தவர்கள், காலை விருந்துக் கூட்டத்திற்கு வந்தவர்களும், அவர்களுக்குப் பரிமாற விடியுமுன் வந்த எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களும். ஒருவரும் பிழைக்கவில்லை. 10.28-க்குக் கோபுரம் சரிந்தது. மதவெறி மூட்டிய தீ, மேசையில் அமர்ந்தவரையும் மேசை துடைத்தவரையும் பிரித்துப் பார்க்கவில்லை.

இன்று அவ்விடத்திலே, 2011-இல் திறந்த நினைவகம் இருக்கிறது. வெண்கலத்திலே பெயர்கள், பட்டம் இல்லை, பதவி இல்லை. சாவு தந்த சமத்துவம்! எத்தனை காலத்துக்குத்தான் சாவிடமிருந்தே சமத்துவத்தைப் பெறுவது? அதுவும், சுடுகாட்டையே சாதிக்கொன்றாக வைத்திருக்கும் ஊர்கள் உள்ள நாட்டிலே வாழும் நாம், சாவையும் நம்பமுடியாதே!

அன்று வேலைமுறை இல்லாமையால் உயிர் தப்பிய தொழிலாளர்கள் அழுது ஓய்ந்துவிடவில்லை. 2002-இல் தமக்கென ஒரு மையம் அமைத்தனர். 2006-இல் அதே நகரத்திலே 'கலர்ஸ்' என்ற உண்டிச்சாலையைத் திறந்தனர். உழைப்போரே உடைமையாளர் என்ற கூட்டுறவு முயற்சி அது. வானளாவவில்லை, தெருவோடு ஒட்டியே இருந்தது. அது நிலைத்து நிற்கவில்லை என்பதையும் மறைக்கமாட்டோம். "பார்த்தீர்களா, சமத்துவம் கணக்குக்கு ஒத்துவராது" என்பார்கள். அவர்களுக்கு ஓட்டிசை நினைவூட்டுகிறோம். அவருக்கு முன்னே கயிறறுந்து விழுந்த தூக்கிகள் உண்டு. அதற்காக மனிதன் ஏறுவதைக் கைவிட்டானா? விழாமல் தடுக்கும் பொறியைத் தேடினான், கண்டான்.

நாமும் தேடுவோம். நம் நகரங்களிலும் கட்டடங்கள் வளர்கின்றன. மேல்மாடி விருந்துகளும் பெருகுகின்றன. இளைஞனே, நாளை நீயும் அங்கே அமரக்கூடும், அமர்வாயாக! சாளரத்தின் வழியே நகரைப் பார். பார்த்தபின், தட்டை வைத்துச் செல்பவரின் முகத்தையும் பார். கீழே தெரிபவை எறும்புகளல்ல. உன்னை மேலே ஏற்றியவர்கள். உயரம் ஓர் இடம். உயர்வு ஒரு பண்பு. இரண்டையும் ஒன்றென்று எண்ணும் மனத்திலேதான் சாதியும் பிறந்தது, ஆண்டையும் பிறந்தான். அதை மாற்ற மின்தூக்கி போதாது, பகுத்தறிவு வேண்டும்.