பலிபீடத்துக் கைகளும் அறுவைக் கத்தியும்

திருப்பலி ஒப்புக்கொடுக்கும் கை மனித உடலை அறுக்கலாமா? குணப்படுத்தும் நோக்கத்தோடு அறுத்தும் நோயாளி இறந்துபோனால், அந்தக் கை மறுபடியும் பீடத்தைத் தொடத் தகுமா? கத்தோலிக்கத் திருச்சபை எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சுமந்த கேள்வி இது. 1215இல் உரோமையில் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் தன் பதினெட்டாம் விதியில் இதற்கு விடை சொன்னது. இரத்தம் சிந்தும் தண்டனையைக் குருக்கள் விதிக்கக் கூடாது, படைக்குத் தலைமை தாங்கக் கூடாது என்ற வரிசையிலேயே, துணைத் திருத்தொண்டரும் திருத்தொண்டரும் குருவும் சுடுதல், வெட்டுதல் அடங்கிய அறுவை மருத்துவத்தைச் செய்யக் கூடாது என்றும் அது விதித்தது.

உடலை இழிவாகக் கருதியதால் எழுந்த தடை என்று இதைப் பலர் எழுதிவிட்டார்கள். திருச்சபை இரத்தத்தை அருவருக்கிறது என்ற பிரபலமான வாசகத்தை 1163இல் தூர் நகரில் கூடிய சங்கத்தின் தலையில் கட்டுவதும் வழக்கம். அந்தச் சங்கத்தின் விதிகளில் அப்படி ஒரு வாசகமே இல்லை. லாத்தரன் விதியின் உள்ளே இருந்தது அருவருப்பை விட அச்சம்தான். தன் கையால் ஓர் உயிர் போய்விட்டால் குரு பீடத்துக்குரிய தகுதியை இழக்க நேரும் என்ற அச்சம். ஆனாலும் விளைவு ஒன்றுதான். கற்றவர்கள் நூலோடும் நாடியோடும் நின்றுகொள்ள, கத்தி பெரும்பாலும் நாவிதர் கைக்குப் போனது. தமிழ்நாட்டிலும் கட்டியைக் கீறுவதும் பேறு பார்ப்பதும் நாவிதக் குடும்பங்களின் பொறுப்பாகவே வெகுகாலம் இருந்தன. பிணத்தை நீரில் ஊறவைத்து உறுப்புகளைக் கண்ணால் கண்டு பழகச் சொன்ன சுசுருத சங்கிதை பிறந்த மண்ணில்தான், சிராத்தத்துக்கு அழைக்கத் தகாதவர்களின் பட்டியலில் மனு மருத்துவனையும் சேர்த்தார். தூய்மையைக் காக்க நினைத்த சமூகங்கள் இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றன.

இந்தத் தடையின் நிழலில் வாழ்ந்தவர் கீ த ஷோலியாக். 1300ஐ ஒட்டித் தென் பிரான்சின் ஷோலியாக் என்ற சிற்றூரில், உழவர் குடும்பத்தில் பிறந்தவர். துலூஸ், மோன்பெலியே, பாரிஸ் நகரங்களில் படித்தார். இத்தாலியின் பொலோஞ்ஞாவில் பெர்த்தூச்சோவிடம் உடற்கூறு கற்றார். பிணத்தை அறுத்துக் காட்டியே அங்கே பாடம் நடந்தது. பிறகு லியோன் நகரின் புனித யுஸ்து ஆலயத்தில் திருச்சபைப் பதவி பெற்றார். திருத்தந்தையர் அவிஞ்ஞோனில் வசித்த காலம் அது. ஆறாம் கிளமெண்ட், ஆறாம் இன்னொசென்ட், ஐந்தாம் உர்பன் ஆகிய மூவருக்கும் அவர் மருத்துவராக இருந்தார். குருக்களின் கையில் கத்தி கூடாது என்ற திருச்சபையின் தலைமை இல்லத்திலேயே, திருச்சபைப் பதவியாளர் ஒருவர் அறுவை மருத்துவத்தின் மிகப் பெரிய ஆசிரியராக வளர்ந்தார்.

1348இல் கொள்ளைநோய் அவிஞ்ஞோனுக்குள் நுழைந்தது. பலர் ஓடினார்கள், கீ தங்கினார். தங்கியதற்கு அவர் எழுதிவைத்த காரணம் இறைப்பற்று அல்ல: ஓடினால் வரும் பழிக்கு அஞ்சியே நின்றதாகவும், நின்ற காலமெல்லாம் பயந்துகொண்டே இருந்ததாகவும் சொல்கிறார். அந்த நேர்மை அவர் நூல் முழுவதற்கும் எடை தருகிறது. இரத்தம் துப்பி மூன்று நாளில் கொல்லும் வகையையும், அக்குளிலும் அரையிலும் நெறி கட்டி ஐந்து நாளில் கொல்லும் வகையையும் பிரித்துக் குறித்தார். கோள்களின் சேர்க்கையே காரணம் என்று நம்பினார். அந்த நம்பிக்கை தவறு, நோயாளியைப் பார்த்த பார்வை சரி. கடைசியில் அவருக்கே அரையில் கட்டி வந்தது. ஏறத்தாழ ஆறு வாரம் கிடந்து பிழைத்தார். யூதர்கள் நஞ்சிட்டார்கள் என்ற வதந்தியால் அவர்கள் கொல்லப்பட்டதையும் பதிந்திருக்கிறார். அவர் மருத்துவம் பார்த்த கிளமெண்ட், யூதர்களைக் காக்க அதே ஆண்டில் ஆணைகள் விடுத்தார்.

1363இல் முடிந்த ‘பெரிய அறுவை மருத்துவ நூல்’ ஏழு பகுதிகள் கொண்டது. உடற்கூறில் தொடங்கி மருந்துகளில் முடிகிறது. தொடை எலும்பு முறிந்தவனுக்கு அது சொல்லும் ஏற்பாடு இது: காலில் கயிறு கட்டி, அதை ஒரு கப்பியின் மேலாக விட்டு, நுனியில் ஈயக் குண்டைத் தொங்கவிட வேண்டும், எலும்பு மெல்ல இழுபட்டு நேராகும். நோயாளி தானே பிடித்து எழும்பவும் புரளவும் கட்டிலுக்கு மேலே இன்னொரு கயிறு. இந்த இரண்டாவது கயிற்றில்தான் கீயின் மனம் தெரிகிறது. வாரக்கணக்கில் அசையாமல் கிடப்பவனின் முதுகை நினைத்துப் பார்த்த ஒருவருக்கே அது தோன்றும். புண்ணில் சீழ் வரவேண்டும் என்ற பழைய கொள்கையை அவர் கைவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவருக்கு அரை நூற்றாண்டு முந்திய ஆன்ரி த மொந்தவீல், புண்ணைச் சுத்தம் செய்து சீழின்றி ஆற்றவேண்டும் என்று வாதிட்டிருந்தார். அந்த வாதம் தோற்றதில் கீயின் புகழுக்கும் பங்கு உண்டு.

நூலின் முன்னுரையில் அவர் தன் காலத்து அறுவை மருத்துவர்களை ஐந்து கூட்டமாகப் பிரிக்கிறார். மந்திரமும் எண்ணெயும் முட்டைகோஸ் இலையும் கொண்டு புண் ஆற்றும் படைவீரர்கள் நான்காவது கூட்டம். ஐந்தாவது, எந்த நோயையும் புனிதர்களிடம் மட்டுமே ஒப்படைத்துவிட்டு, இறைவன் கொடுத்தார், இறைவன் எடுப்பார் என்று இருந்துவிடுகிறவர்கள். திருத்தந்தையின் மருத்துவர் இதைக் கண்டித்தார் என்பது சிறிய செய்தி அல்ல. செபத்தை அவர் மறுக்கவில்லை. செபத்தைச் சாக்காக வைத்து நோயாளியைக் கைவிடுவதையே மறுத்தார். பொதுச்சங்கம் குருவின் கை தூய்மையாக இருக்கிறதா என்று கேட்டது. கீயின் நூல் நோயாளி தனியே விடப்பட்டானா என்று கேட்கிறது. இரண்டாவது கேள்வியே ஆழமானது.

செபமும் மருத்துவமும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை: 1898இல் கொள்ளைநோய் பெங்களூரைத் தாக்கியபோது மக்கள் இரண்டையும் நாடினார்கள். நகரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் எழுந்தன. 1900இல் விக்டோரியா மருத்துவமனையும் திறந்தது. அதற்கும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் மைசூர் நாட்டுக்கு வந்த பிரெஞ்சுக் குரு துபுவா, அம்மைத் தடுப்புக் குத்தலை இந்தப் பகுதியில் பரப்பப் பாடுபட்டிருந்தார்.

திருச்சபைத் தடையின் முழு வலியும் இந்தியப் பெண்கள் மீதே விழுந்தது. ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்ற வீடுகளில் பிரசவத்தில் தாய்மார் இறந்தார்கள். குருக்களுக்கான தடை துறவறக் கன்னியரையும் கட்டுப்படுத்தியது; பேறு பார்க்க அவர்களுக்கு அனுமதி இல்லை. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் உரோமையின் தனி அனுமதியின்றி மருத்துவத்தையும் அறுவையையும் விலக்கியது. அந்தச் சட்டத்துக்கு முன்பே இந்தத் தடையை எதிர்த்து உரோமைக்கு மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தவர் ஸ்காட்லாந்து மருத்துவர் ஆக்னஸ் மெக்லாரன். 1878இல் அவர் பட்டம் பெற்ற பல்கலைக்கழகம் கீ படித்த அதே மோன்பெலியே. முதுமையில் இந்தியா வந்து இராவல்பிண்டியில் பெண்களுக்கான மருத்துவமனை அமையக் காரணமானார். தடை நீங்குவதைப் பார்க்காமலே 1913இல் இறந்தார்.

அவரைப் பற்றிய சிறு நூல் ஒன்றை ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி கிளவுரி 1915இல் படித்தார். 1920இல் குண்டூர் வந்து துறவற சபையில் சேர்ந்தார். திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் அவருக்கு மருத்துவம் செய்யத் தனி அனுமதி அளித்தார். ஒருவருக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்க மேலும் பதினாறு ஆண்டு ஆயிற்று: 1936இல் உரோமை வெளியிட்ட அறிவுரை, மறைபரப்பு நாடுகளில் கன்னியர் மருத்துவமும் பேறுகாலப் பணியும் செய்ய வழிவிட்டது. 1943இல் கிளவுரி கத்தோலிக்க மருத்துவமனைகளுக்கான சங்கத்தை நிறுவினார். கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவு. 1957 மே 5இல் அவர் பெங்களூரில் காலமானார்.

பிரான்சின் ஆன்ஜே நகரில் தோன்றிய நல்லாயன் சபைக் கன்னியர் 1886இல் தொடங்கிய புனித மார்த்தா மருத்துவமனை பெங்களூரில் ஏற்கெனவே இயங்கிவந்தது. கிளவுரி இறந்து ஆறாவது ஆண்டில், 1963இல், இந்திய ஆயர் பேரவை புனித யோவான் மருத்துவக் கல்லூரியை அங்கேயே தொடங்கியது. துறவறச் சகோதரிகள் அங்கே மருத்துவம் கற்றார்கள், அறுவை அரங்கில் நின்றார்கள், பின்பு கிராமப்புற மருத்துவமனைகளுக்குப் போனார்கள். பட்டம் பெறுவோர் குறிப்பிட்ட காலம் அத்தகைய மருத்துவமனைகளில் பணிபுரிய ஒப்பந்தம் செய்யும் முறையும் அக்கல்லூரியில் வேரூன்றியது. 1983இல் வெளியான புதிய திருச்சபைச் சட்டத்தொகுப்பில் பழைய தடை இடம்பெறவில்லை.