எண்ணப்பட்ட காய்ச்சலும் எண்ணப்படாத வினையும்

1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலோடு சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது ஆசியக் காய்ச்சல் எனப்பட்ட இன்ஃப்ளூயன்ஸா. குன்னூர் பாஸ்டியர் நிறுவனத்தின் இன்ஃப்ளூயன்ஸா மையத்தில் இருந்த ஐ.ஜி.கே. மேனன் அது நாடெங்கும் பரவியதைப் பதிவுசெய்தார். அடுத்த பிப்ரவரிக்குள் பதிவான நோயாளிகள் 44 லட்சத்துக்கு மேல். சாவுகள் 1,100ஐ ஒட்டி. காய்ச்சலும் சாவும் அவரவர் செய்த வினை என்ற நம்பிக்கையை இந்தக் கணக்கு அசைக்கிறது என்பேன். நோய் ஆள் பார்த்து வரவில்லை. கப்பலிலும் ரயிலிலும் நெரிசலிலும் வந்தது. திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவில் தோள் இடிக்க உட்காருகிறவர்களைப் பாருங்கள். ஒருவர் இருமிய காற்றுதான் பக்கத்திலிருப்பவருக்கு மூச்சு. இதில் வினை யாருடையது?

அதே ஆட்டோவில் வந்த இருவரில் ஒருவர் மட்டும் ஏன் செத்தார், அதற்கு வினைதானே பதில் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வயது, சர்க்கரை நோய், கர்ப்பம், முன்பே பெற்ற எதிர்ப்பாற்றல் எனப் பாதிப் பதில் உண்டு, மீதி தெரியாது. தெரியாத அந்த மீதியைச் செத்தவர் மேல் பழியாக எழுத நமக்கு உரிமையில்லை. கணக்கெடுப்பு மனிதரை வெறும் எண்ணாக்குகிறது என்ற மனக்குறையும் புரிகிறது. ஆனால் எண்ணப்படாத சாவுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றாகிவிடும், அது அதைவிடக் கொடுமை. வினை என்று ஒன்று உண்டென்றால், காய்ச்சல்காரர் சம்பளம் பிடிக்கப்படாமல் மூன்று நாள் வீட்டில் படுக்க முடிகிறதா என்ற இடத்தில்தான் அதைத் தேடவேண்டும்.