உண்டு தீர்ந்த பணம்

நம்முடையதல்லாத பணம் கைக்கு வந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் நம்முடையது என்று நம்பி வாங்கி, வாடகையும் ரொட்டியும் மருந்துமாகத் தீர்ந்துபோன பணத்தை என்ன செய்வது?

அமெரிக்காவில் உடல் நலிந்து உழைக்க முடியாமற்போனவர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது. 1956-இல் சட்டமான ஏற்பாடு அது. அவர்களில் ஒருவர் சிறிது தேறி வேலைக்குப் போகிறார். போனதைத் தெரிவிக்கவும் செய்கிறார். அலுவலகம் சாவகாசமாகக் கணக்குப் பார்த்து, அதிகம் கொடுத்துவிட்டோம், திருப்பித் தா என்று எழுதுகிறது.

தள்ளுபடி கேட்கலாம். தவறு அவருடையதாக இருக்கக்கூடாது. அத்துடன், வசூலித்தால் அவர் பிழைப்பே கெட வேண்டும், அல்லது வசூலிப்பது நியாயத்துக்கும் நல்ல மனச்சாட்சிக்கும் விரோதமாக இருக்க வேண்டும். ஆம், சட்டத்திலேயே மனச்சாட்சி என்று எழுதியிருக்கிறார்கள்! அதை விளக்க விதிகளில் ஒரு கதையும் உண்டு. ஒரு விதவை, உதவித்தொகை வருகிறதென்று மகளைத் தனியார் பள்ளியில் சேர்க்கிறாள். ஏறத்தாழ ஒரு வருஷம் கழித்து, இறந்த கணவனுக்கு அந்தக் காப்புரிமையே இல்லை என்று தெரிகிறது. பள்ளிச் செலவுக்கு அவளிடம் வேறு காசு கிடையாது. அவளிடம் வசூலிக்கக் கூடாது என்கிறது விதி. கதை எழுதுகிறவன் பொறாமைப்பட வேண்டிய சிக்கனம்!

அதே விதிகள், அலுவலகமே தவறியிருந்தாலும் அதனால் மட்டும் வாங்கியவர் விடுபட்டுவிட மாட்டார் என்றும் சொல்கின்றன. கடுமைதான், ஆயினும் அது உழைப்பவர்களின் சம்பளத்தில் பிடித்த பணம், அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன்.

எனக்கு உறுத்துவது வேறு. தள்ளுபடியை மறுத்தால் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 'இன்னும் எதற்குக் கெஞ்சுவது, மாதாமாதம் பிடித்துக்கொள்ளட்டும்' என்பார்கள் கௌரவம் பார்க்கும் உறவினர்கள். இது கெஞ்சலா? 'நீ குற்றமற்றவன் அல்ல' என்று எழுதி வந்த தாளுக்குப் பேசாமல் தலையாட்டுவதா கௌரவம்? பணத்தைவிட அந்த ஒரு வரிக்காகவே அவர் வழக்காட வேண்டும் என்பேன்.

ஆளைப் பார்க்காமல் அந்த வரியை எழுதவும் கூடாது. தள்ளுபடி கேட்பவரை நேரில் விசாரித்த பிறகே வசூல் தொடங்க வேண்டுமென்று 1979-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெறும் கணக்குத் தகராறுக்கு அது காகிதமே போதும் என்றது. ஒருவருடைய நல்லெண்ணத்தையும் அறிவையும் உடல்நிலையையும் எடைபோட மட்டும் முகத்தைப் பார்க்கச் சொன்னது. நோயாளியோ அங்கே வாடகைச் சீட்டையும் மருந்துச் சீட்டையும் அடுக்கி வைத்துத் தம் வறுமையைக் கணக்குக் காட்டுகிறார். வேலைக்குப் போனதைத் தெரிவித்து முன்பு எழுதிய கடிதத்துக்கு ஒரு நகல் எடுத்து வைத்திருந்தாரானால், அதைத்தான் அவர் முதலில் மேஜைமேல் வைக்க வேண்டும்.