சார்ந்து நிற்பதன் மெய்ம்மை

ஒன்றைச் சார்ந்து நிற்கும் பொருளுக்குத் தனக்கென ஓர் உண்மை உண்டா என்னும் வினா வேதாந்த விசாரத்தில் மிகப் பழையது. அதற்கு ஆசாரியர்கள் அளித்த விடைகளில் சங்கரருடையதை மாதுங்காவின் சங்கர மடத்திலும், ராமாநுஜருடையதைச் செம்பூரின் அகோபில மடத்திலும் பம்பாய்த் தமிழர் இன்றும் கேட்கலாம். மூன்றாமவரான மத்வரின் உடுப்பியோ மாதுங்காவில் சாப்பாட்டு விடுதிகளின் பெயர்ப்பலகையிலேயே வீற்றிருக்கிறது. அதே வினா, இந்நகரத்துத் தமிழ்க் குமாஸ்தாக்களும் கணக்கர்களும் நாள்தோறும் திறக்கும் எக்ஸெல் கோப்பிலும் எழுகிறது என்றால் வாசகர்கள் நகைக்க வேண்டாம்.

காகிதக் கணக்கின் காலத்தில், குறிப்பேட்டில் பதிந்த தொகையைப் பேரேட்டில் எடுத்தெழுதி, பேரேட்டுப் பக்க எண்ணையும் அருகில் குறித்து வைப்பார்கள். எடுத்தெழுதிய கணத்திலேயே அத்தொகை தன் மூலத்தினின்றும் விடுபட்டுவிடும். பிற்பாடு குறிப்பேட்டில் பிழை திருத்தினாலும் பேரேடு பழைய எண்ணையே சாதிக்கும். 1979இல் வெளிவந்த விஸிகால்க்கில் தாள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பல தாள்களை ஒரே கோப்புக்குள் அடுக்கி, ஒன்றின் கட்டம் மற்றொன்றின் கட்டத்தை நோக்கி நிற்கும் முறை வழக்கத்துக்கு வந்த பிறகே எடுத்தெழுதும் வேலை ஓய்ந்தது.

ராமநவமி உற்சவக் கணக்கை வைத்திருக்கும் ஒரு சபையின் பொக்கிஷதாரர், ‘உபயம்’ என்ற தாளில் சி14 என்னும் கட்டத்தில் 5,000 என்று இட்டு, வேறொரு தாளில் =உபயம்!சி14 என்று எழுதுகிறார் என்று கொள்வோம். அங்கும் 5,000 தெரிகிறது. ஆனால் அக்கட்டத்தைத் தொட்டு மேலே சூத்திரப் பட்டையைப் பார்த்தால், எண் ஏதும் இல்லை, வெறும் விலாசந்தான் இருக்கிறது. உபயதாரர் மங்கலத்துக்காக ஒரு ரூபாய் கூட்டி 5,001 ஆக்கினால், இங்கும் அந்தக் கணமே 5,001.

இங்கே தெரியும் எண் மெய்யா, தோற்றமா? அத்வைதி, அது உள்ளது என்றும் சொல்லவொண்ணாது, இல்லாதது என்றும் சொல்லவொண்ணாது, ஆகவே மித்யை என்பார். ராமாநுஜரோ, தாங்கப்படுவதும் நியமிக்கப்படுவதும் பிறிதொன்றுக்கே உரியதாக இருப்பதும் சரீரத்தின் லக்ஷணமாகுமே அன்றிப் பொய்யின் லக்ஷணமாகாது என்று வாதிப்பார். மத்வர், தத்துவங்களைச் சுதந்திரம், அசுதந்திரம் என இரண்டாகப் பகுத்து, இரண்டையும் மெய் என்றே கொண்டார். பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் பணம் பட்டுவாடா ஆவது அந்த எண்ணை நம்பித்தான் என்பதால், என் பக்ஷபாதம் பின்னிருவர்பாலது.

சார்பு தன்னையே சுற்றி வருமானால் என்ன ஆகும்? தர்க்க சாஸ்திரிகள் ஆத்மாசிரயம் (தன்னையே சார்தல்), அந்யோந்யாசிரயம் (ஒன்றையொன்று சார்தல்), சக்ரகம் (பல வழியாய்ச் சுற்றி வருதல்), அநவஸ்தை (முடிவில்லாது நீளுதல்) என்று தோஷங்களை வகுத்தார்கள். முதல் மூன்றில் எதைக் கண்டாலும் எக்ஸெல் எச்சரிக்கிறது. ஆயினும் விதையும் முளையும் போல் குற்றமாகாத சுழற்சியும் உண்டென்று நம் முன்னோர் ஒப்பினர். 1,100 ரூபாய் லாபத்தில், கழிவு போக மிஞ்சுவதன்மேல் நூற்றுக்குப் பத்து வீதம் மேலாளருக்குக் கழிவு என்றால், கழிவை அறிய மிச்சம் வேண்டும், மிச்சத்தை அறியக் கழிவு வேண்டும். சுழற்சியை அனுமதித்து விட்டால் இயந்திரம் 110, 99, 100.1, 99.99 என்று நெருங்கி நெருங்கி 100இல் அமர்கிறது. ஆனால் கவனியுங்கள்: அந்த 1,100 மட்டும் சுழற்சிக்கு வெளியே, யாரோ ஒருவர் கையால் இட்டது. அதுவும் தாளுக்குள்தான் சுதந்திரம். தாளுக்கு வெளியே அது ரசீதுகளையும், ரசீது மனிதர்களின் வாக்கையும் சார்ந்தது. அச்சங்கிலியைக் கோப்புக்குள் முடித்துவிடலாம் என்று எண்ணுவோர் கணக்கும் அறியார், வேதாந்தமும் அறியார்.

மூலம் அழிந்தால் நேர்வது இன்னும் விசித்திரம். ஒரே கோப்பில் ஒரு தாளை நீக்கினால், அதைச் சார்ந்த கட்டம் #ரெஃப்! என்று வெளிப்படையாக அலறிவிடும்; அது நேர்மையான மரணம். வேறொரு கோப்பைச் சார்ந்ததோ, அக்கோப்பு தொலைந்த பின்னும், கடைசியாகக் கண்ட எண்ணைக் காட்டியபடியே இருக்கும். இதற்கு ஓர் எடுத்துக்காட்டு: தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் சந்ததியார் பலர், ஊர்க் கொடைக்கு இன்றும் தலைக்கட்டு வரி அனுப்புகிறார்கள். ஊரில் ஒரு பட்டியல், இங்கே சங்கத்தில் ஒரு பட்டியல். அங்கே ஒரு தலைக்கட்டு காலமாகி, மகன்கள் இருவர் இரண்டு தலைக்கட்டாகப் பிரிந்திருக்க, இங்கே பழைய ஒன்றே நிற்குமானால், அந்த எண்ணை மெய்யென்று ராமாநுஜரும் சாதிக்க மாட்டார். ஏனெனில் தாங்குவது போன பிறகு தாங்கப்படுவதற்கு நிலை ஏது? சார்ந்தது பொய்யன்று, சார்பு அற்ற பின்னும் சார்ந்ததுபோல் நடிப்பதே பொய்.

கோப்பைத் திறக்கும்போது ‘இணைப்புகளைப் புதுப்பிக்கவா?’ என்று இயந்திரம் கேட்கும். அவசரத்தில் நம்மவர் பலர் வேண்டாம் என்று தள்ளிவிடுகிறார்கள். சபைகளின் பொக்கிஷதாரர்கள் வருடாந்தரக் கூட்டத்தில் கணக்கு வாசிக்குமுன், தரவுப் பட்டியில் உள்ள இணைப்புகளின் ஜாபிதாவைத் திறந்து, ஒவ்வொரு மூலமும் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு மேடையேறும்படி கேட்டுக்கொள்கிறேன்.