வளைந்த முழங்கால்

என் தங்கை மகன் இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரில் உத்தியோகம் பார்க்கிறான். அவன் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். பகலெல்லாம் ஆபீஸ் வேலை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு பொம்மைகளோடு உட்கார்ந்துவிடுவான். நாற்பது வயதுக்காரன் பொம்மை வைத்து விளையாடுகிறானே என்று சிரித்துவிடாதீர்கள். அந்த நாட்டில் பெரியவர்கள் பலருக்கு இது பொழுதுபோக்கு. மேஜைமேல் காடும் மலையும் அமைத்து, சிறு போர்வீரர்களை நிறுத்தி, பகடை உருட்டி, விதிப்படி சண்டையிடுகிறார்கள்.

அன்று அவன் கையில் இருந்தது 28 மில்லிமீட்டர் உயரமுள்ள ஓர் உலோக வீரன். பழைய ஐரோப்பியக் காட்டுவாசிப் படையைச் சேர்ந்தவன். அவனை ஆதிமனிதனாக மாற்ற வேண்டுமாம். முதலில் வாளை வெட்டி எறிந்தான். கவசத்தைக் கத்தியால் சீவி, அரத்தால் தேய்த்தான். மூடிய கைக்குள் சின்னத் துளையிட்டுப் பித்தளைக் கம்பியைச் செருகினான்; ஈட்டி தயார். மஞ்சளும் நீலமுமான இரண்டு பசைகளைப் பிசைந்தான். பச்சை நிறத்தில் மாவு போல் ஒன்று வந்தது. அதை வீரனின் தோளில் அப்பி ஊசியால் கீறினான். விலங்குத்தோல் போர்வை ஆயிற்று. கண்ணுக்கு மேலே ஒரு துளி வைத்து, நெற்றி எலும்பைப் புடைக்கச் செய்தான். அவன் பொறுமையைக் கண்டு எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

கடைசியில் குறடை எடுத்து வீரனின் முழங்கால்களை மெல்ல வளைத்தான்.

"அது எதற்கடா?" என்றேன்.

"இவன் நியாண்டர்தால் மனிதன், மாமா. நிமிர்ந்து நின்றால் நம்மைப் போலவே இருப்பான். சண்டை போடும்போது எது யார் பக்கம் என்று தெரிய வேண்டாமா?"

சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அந்த வளைந்த முழங்காலுக்கு ஒரு கதை உண்டு. 1908ல் பிரான்சில் லா ஷப்பேல்-ஓ-சேன் என்ற ஊரின் குகையொன்றில் ஒரு நியாண்டர்தால் மனிதனின் எலும்புக்கூடு கிடைத்தது. பாரிஸில் மார்சலின் பூல் என்ற அறிஞர் அதை ஆராய்ந்தார். இவன் முழங்கால் மடித்து, கழுத்தை முன்னே நீட்டி, பாதி விலங்காக நடந்தவன் என்று முடிவு கட்டினார். பத்திரிகைகள் அதற்கேற்பப் படம் போட்டன. உலகம் நம்பியது. 1957ல் ஸ்ட்ராஸ், கேவ் என்ற இருவர் அதே எலும்புகளை மீண்டும் பார்த்தார்கள். அந்த மனிதன் மூட்டு வாதத்தால் அவதிப்பட்டவன். நோயற்ற நியாண்டர்தால் மனிதன் நம்மைப் போலவே நிமிர்ந்து நடந்திருப்பான் என்று எழுதினார்கள். ஒரு கிழவனின் நோயை ஓர் இனத்தின் குணமாக ஏறக்குறைய அரை நூற்றாண்டு சொல்லிக்கொண்டிருந்தோம்! தவறு திருத்தப்பட்ட பிறகும், நாட்டிங்காமில் ஒரு குறடு அந்த முழங்காலை இன்னும் வளைத்துக்கொண்டிருக்கிறது.

இதில் என்ன குற்றம் என்று நீங்கள் கேட்கலாம். சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோனவர்கள். அவமானப்பட அவர்களில் எவரும் இல்லை. வெறும் உலோகப் பொம்மை. விளையாட்டை விளையாட்டாக விட்டால் என்ன?

எனக்கு அப்படி விட முடியவில்லை. காரணம், நான் செய்த ஒரு காரியம். ஆரம்ப காலத்து நாவல் ஒன்றில் ஒரு துரோகியைப் படைத்தேன். அவனுக்கு அம்மைத் தழும்பு முகம் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்? 'யார் எந்தப் பக்கம்' என்று வாசகருக்குச் சட்டென்று தெரியட்டும் என்றுதான். சில வாரங்கள் கழித்து ஒரு கடிதம் வந்தது. 'எனக்கும் அம்மைத் தழும்பு முகம். உங்கள் கதையை என் மகள் எனக்குப் படித்துக் காட்டினாள். அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள்' என்று எழுதியிருந்தார் ஒரு தந்தை. கோபமான சொல் ஒன்றுகூட இல்லை. அதற்கு நான் எழுதிய பதிலை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அவராவது கடிதம் எழுதினார். இறந்தவன் எழுத மாட்டான். எதிர்த்துப் பேச முடியாதவன் விஷயத்தில்தான் நம் நேர்மைக்கு உண்மையான பரீட்சை.

இந்த மேஜைப் போருக்கு முன்னோடிகளில் ஒருவர் எச். ஜி. வெல்ஸ். 1913ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகத்தில் பொம்மைப் போருக்கு விதிகள் வகுத்தார். பெரிய போரின் வெறிக்கு இந்தச் சிறிய போர் மாற்றாக இருக்கட்டும் என்பது அவர் ஆசை. மறு வருஷமே முதல் உலகப் போர் மூண்டது. அது வேறு விஷயம். அவருடைய ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது, இரண்டு பக்கத்து வீரர்களும் ஒரே அச்சு மனிதர்கள் என்பது. சட்டையின் நிறந்தான் வேறு. இதே வெல்ஸ் 1921ல் நியாண்டர்தால் மனிதர்களைப் பற்றி ஒரு கதை எழுதினார். அதில் அவர்கள் குழந்தைகளைத் தூக்கிச் சென்று தின்னும் பூதங்கள்! பொம்மைச் சிப்பாய்க்குக் கொடுத்த சமநீதியை, மெய்யாகவே வாழ்ந்த மனிதனுக்குக் கொடுக்க அத்தனை பெரியவருக்கும் மனம் வரவில்லை.

அதற்காக அவர்களை மகான்களாக்கிவிடவும் கூடாது. ஈராக்கின் ஷானிதார் குகையில் கிடைத்த ஒருவனின் விலா எலும்பில் கூரிய ஆயுதம் பாய்ந்த வடு இருக்கிறது. நம் இனத்தாரின் கதையும் சுத்தமில்லை. கென்யாவில் நட்டாருக் என்ற இடத்தில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் கொல்லப்பட்டவர்களின் எலும்புகளைக் கண்டெடுத்திருக்கிறார்கள். ஆகவே பொம்மையின் கையில் ஈட்டி கொடுப்பது பொய்யல்ல. பொய், முழங்காலில் இருக்கிறது. ஒருவன் கொன்றான் என்று சொல்வது வேறு. அவன் மனிதனே அல்ல என்று சொல்வது வேறு.

காலையில் மருமகனிடம் அதே ஷானிதார் குகையில் 1957ல் கிடைத்த இன்னொருவனைப் பற்றிச் சொன்னேன். வலக்கை சூம்பி, முழங்கைக்குக் கீழே இல்லாமல் போனவன். முகத்தில் பட்ட அடியால் ஒரு கண்ணும் தெரிந்திராது என்கிறார்கள். காயங்களெல்லாம் நெடுநாளைக்கு முன்பே ஆறியவை. அப்படியும் நாற்பது வயதளவுக்கு வாழ்ந்திருக்கிறான். யாரோ அவனுக்கும் ஒரு பங்கு இறைச்சி கொடுத்திருக்க வேண்டும். இன்னொன்றும் சொன்னேன். 2010ல் ஸ்வாந்தே பாபோவின் குழுவினர் நியாண்டர்தால் மரபணுக்களைப் படித்துக் காட்டினார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள மக்களின் மரபணுவில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு அவர்கள் தந்தது. உன் உடம்பிலும் இருக்கிறது, என் உடம்பிலும் இருக்கிறது.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஒற்றைக்கையரைச் செய்துவிடலாம் மாமா. ஆனால் ஆட்டத்தில் அவருக்கு என்ன வேலை? சண்டை போட மாட்டார், ஓட மாட்டார்" என்றான்.

"அவரை விட்டுவிட்டு மற்றவர்கள் போகக்கூடாது என்று விதி வை."

"அப்படியானால் கூட்டம் முழுவதும் அவர் வேகத்தில்தான் நகரும். அந்தப் பக்கம் தோற்றுத்தான் போகும். யார் ஆடுவார்கள்?"

நியாயமான கேள்வி. நம் வீடுகளிலும் படுக்கையில் கிடக்கும் பெரியவரைப் பார்த்து யாரோ ஒருவர் மனசுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விதான். அந்தக் குகையில் இருந்தவர்களும் கேட்டிருப்பார்கள். கேட்டபின் பல வருஷங்கள் சோறு போட்டிருக்கிறார்கள். நிமிர்ந்து நிற்பது என்று நான் சொல்வது அதைத்தான்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் இரவு நான் அந்தப் பக்கம் ஆடினேன். பொம்மைகளின் முழங்கால்களை அவன் நேராக்கியிருந்தான். ஒற்றைக்கையரை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தேன். ஒன்பது மணிக்குள் தோற்றுப்போனேன்.